மழைத்தண்ணீர் எங்கே போய் விழும்? சென்னைக் கடலோரப் பகுதிகளில் வடிகாலும் பம்ப் ஸ்டேஷனும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எண்ணூரிலிருந்து உத்தண்டி வரை எந்த நலச்சங்கக் கூட்டத்துக்குப் போனாலும் ஐப்பசி நெருங்கும்போது பேச்சு இதில்தான் வந்து நிற்கும். தெருவில் பள்ளம் தோண்டியிருக்கிறார்கள், கம்பி கட்டுகிறார்கள், "பம்ப் ஸ்டேஷன் வருதாம்" என்கிறார்கள். இதனால் வீட்டுக்குள் தண்ணீர் வருவது நிற்குமா? அப்படிக் கேட்டவர்களுக்கு வாய்மொழியாகச் சொல்லிவந்ததை இங்கே எழுதி வைக்கிறேன்.

கடல் மூன்று கிலோமீட்டரில் இருக்கிறது. எங்கள் தெருத் தண்ணீர் ஏன் தானாக ஓடிப்போவதில்லை?

தண்ணீர் ஓடுவதற்குத் தேவை உயர வித்தியாசம். சென்னையில் கடலோரமாக அது மிகக் குறைவு.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். உங்கள் தெரு கடல் மட்டத்துக்கு மேல் 3.5 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். வடிகாலின் அடித்தளம் தெருவுக்கு ஒரு மீட்டர் கீழே, அதாவது 2.5 மீட்டர் மட்டத்தில் தொடங்குகிறது. கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர் சரிவு கொடுத்தால், மூன்று கிலோமீட்டர் தாண்டிக் கால்வாயைத் தொடும்போது அடித்தளம் கடல் மட்டத்துக்கும் அரை மீட்டர் கீழே போயிருக்கும். அங்கே தண்ணீர் வெளியே விழாது. கால்வாய்த் தண்ணீர்தான் உள்ளே வரும். சரி, சரிவைப் பாதியாகக் குறைப்போம். இப்போது ஒரு மீட்டர் மட்டத்தில் போய் விழும். சாதாரண நாளில் அது போதும். வெள்ள நாளில் கால்வாயின் நீர்மட்டமே அதற்கு மேல் ஏறிவிட்டால் வடிகாலின் வாய் மூழ்கிவிடும். சரிவு குறையக் குறைய ஓட்டத்தின் வேகமும் குறையும். நொடிக்கு 0.6 மீட்டருக்குக் கீழே போனால் மண்ணும் மணலும் அடியில் படிய ஆரம்பிக்கும். இரண்டு வருடத்தில் பாதி வடிகால் மண்ணாக இருக்கும்.

இன்னொன்றையும் மறந்துவிடுகிறோம். நம் தெருத் தண்ணீர் நேராகக் கடலுக்குப் போவதில்லை. கரைக்கு இணையாகப் பக்கிங்ஹாம் கால்வாய் ஓடுகிறது. பெரும்பாலான தெருக்களின் தண்ணீர் அதில் விழுந்து, பிறகு எண்ணூர், கூவம், அடையாறு, முட்டுக்காடு என்ற நான்கு வாய்களில் ஏதோ ஒன்றைத் தேடிப் பக்கவாட்டில் போக வேண்டும். 19-ஆம் நூற்றாண்டில் படகு விடுவதற்காக வெட்டிய கால்வாய் அது. அதன் உடம்புக்குள்ளேயே பறக்கும் ரயிலின் தூண்களை இறக்கியிருக்கிறோம்.

ஆகவே, வடிகால் வேலை பற்றிப் பேச வரும் எந்தப் பொறியாளரிடமும் முதலில் கேட்க வேண்டியது இது: "இது எங்கே போய் விழுகிறது? விழும் இடத்தில் வெள்ள நாளின் நீர்மட்டம் என்ன?" நீளம், அகலம், மதிப்பீடு எல்லாம் அப்புறம்.

"கடல் உள்வாங்கவில்லை", அதாவது ஆற்றுநீரைக் கடல் ஏற்றுக்கொள்ளவில்லை என்று ஒவ்வொரு வெள்ளத்திலும் சொல்கிறார்களே. உண்மையா, சாக்கா?

பாதி உண்மை. புயல் கரையை ஒட்டி நிற்கும்போது காற்று கடல்நீரைக் கரைப்பக்கம் தள்ளும்; அழுத்தம் குறைவதாலும் கடல் மட்டம் கொஞ்சம் உயரும். அந்த நேரத்தில் முகத்துவாரத்தில் ஆற்றுநீர் தேங்கி நிற்கும். 2023 டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயல் ஆந்திரக் கரையைத் தொடும் முன் சென்னைக்குப் பக்கத்திலேயே மெதுவாக நகர்ந்தது. மழையும் கடலின் எழுச்சியும் ஒரே நேரத்தில் சேர்ந்துகொண்டன.

மறுபாதி மணல். நம் கரையோரம் ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்துகொண்டே இருக்கிறது. துறைமுகச் சுவர் அதைத் தடுத்ததால்தான் தெற்கே மெரினா அகலமானது, வடக்கே ராயபுரம் தாண்டிக் கரை அரித்தது. அதே மணல்தான் கூவம், அடையாறு வாய்களில் மேடு போட்டு அடைக்கிறது. இது கடலின் குற்றமில்லை. மழைக்கு முன்னால் பொக்லைன் வைத்து வாயை வெட்டித் திறந்து வைப்பது நம் வேலை. "கடல் உள்வாங்கவில்லை" என்று யாராவது சொன்னால், "செப்டம்பரில் முகத்துவாரம் எவ்வளவு அகலத்துக்கு வெட்டினீர்கள்?" என்று மரியாதையாகக் கேளுங்கள்.

வடிகால் கட்டி முடித்துவிட்டால் இனித் தண்ணீரே நிற்காதா?

நிற்கும். எந்த வடிகாலும் ஓர் அளவு மழைக்காகக் கணக்கிட்டுத்தான் கட்டப்படுகிறது. "ஐந்தாண்டுக்கு ஒருமுறை வரும் மழை" என்றால், ஐந்து வருடம் நிம்மதி என்று பலர் புரிந்துகொள்கிறார்கள். அதன் பொருள், ஒவ்வொரு வருடமும் அந்த அளவைத் தாண்ட ஐந்தில் ஒரு பங்கு வாய்ப்பு இருக்கிறது என்பது. பத்து வருடத்தில் ஒருமுறையாவது தாண்டுவதற்கான வாய்ப்பு ஏறக்குறைய 90 சதவீதம்.

2015 டிசம்பர் 1-ல் தொடங்கிய மழையில் ஒரே நாளில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர், நுங்கம்பாக்கத்தில் 29 சென்டிமீட்டர். 2021 நவம்பர் 7 காலை நுங்கம்பாக்கத்தில் பதிவானது 21 சென்டிமீட்டர். இதையெல்லாம் தெருவோர வடிகாலுக்குள் அடக்க முடியாது. அந்த மாதிரி நாளில் வடிகாலைச் சோதிக்க ஒரே அளவுகோல்தான்: மழை நின்ற பிறகு எத்தனை மணி நேரத்தில் தெரு வெளியே தெரிந்தது? முன்பு நான்கு நாள் நின்ற இடத்தில் இப்போது ஆறு மணி நேரத்தில் வடிந்தால் அது நல்ல வடிகால். கைக்குழந்தையும் டயாலிசிஸ் நோயாளியும் இருக்கும் வீட்டுக்கு அந்த வித்தியாசம் எவ்வளவு பெரியது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

பம்ப் ஸ்டேஷன் எல்லா இடத்துக்கும் தேவையா?

தேவையில்லை. சரிவால் ஓடக்கூடிய தண்ணீரைக் கரண்ட் செலவழித்துத் தூக்குவது வீண். இரண்டு மாதிரி இடங்களுக்குத்தான் பம்ப் அவசியம். ஒன்று, ரயில்வே சுரங்கப்பாதை போன்ற கிண்ணங்கள். வியாசர்பாடி கணேசபுரம் சுரங்கப்பாதையை நினைத்துக்கொள்ளுங்கள். அங்கே இறங்கிய தண்ணீர் தானாக ஏறி வெளியே வராது. இரண்டாவது, முதல் கேள்வியில் பார்த்த மாதிரி, விழும் இடத்தின் மட்டம் வெள்ள நாளில் வடிகாலைவிட உயர்ந்துவிடும் தாழ்வான பகுதிகள்.

மும்பையோடு ஒப்பிட்டால் விளங்கும். ஓதம் என்பது கடல் நாள்தோறும் ஏறி இறங்குவது. அங்கே பெரிய ஓத நாட்களில் கடல் நான்கு மீட்டருக்கு மேல் ஏறுகிறது. வடிகால் வாய்கள் ஒவ்வொரு ஓதத்திலும் மூழ்கும். 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூசில் 944 மில்லிமீட்டர் கொட்டிய பிறகு, ஹாஜி அலி, இர்லா, லவ்குரோவ் என்று கடலோரத்தில் பெரிய பம்ப் ஸ்டேஷன்களை வரிசையாகக் கட்டினார்கள். ஹாஜி அலியில் ஒரு பம்ப்பே நொடிக்கு 6,000 லிட்டர் தள்ளும். ஓதம் ஏறினால் கதவு மூடும், பம்ப் ஓடும்; இறங்கினால் கதவு திறக்கும், தண்ணீர் தானாகப் போகும். சென்னையில் ஓதத்தின் ஏற்ற இறக்கம் ஒரு மீட்டரைச் சுற்றித்தான். நமக்குப் பெரும் தடை ஓதத்தைவிட, நிரம்பி நிற்கும் ஆறும் கால்வாயும்தான். அதனால் மும்பை மாதிரியை அப்படியே இங்கே கொண்டுவந்து வைக்க முடியாது.

ஒரு சின்னப் பொருளை விட்டுவிடக் கூடாது: வடிகால் வாயில் ஒருவழிக் கதவு. உள்ளிருந்து தள்ளினால் திறக்கும், வெளியிலிருந்து தள்ளினால் மூடிக்கொள்ளும் தகடு. அது இல்லாமல் பம்ப் வைத்தால், வெளியே தள்ளிய தண்ணீர் பக்கத்து வாய் வழியாகத் திரும்பி வரும். மோட்டார் இரவெல்லாம் ஓடும். தெருவில் மட்டம் ஓர் அங்குலம்கூட இறங்காது.

எவ்வளவு பெரிய மோட்டார் வேண்டும்? எங்கள் கவுன்சிலர் 50 ஹெச்.பி. வாங்கித் தருவதாகச் சொல்கிறார்.

நல்ல மனதுதான். ஆனால் ஹெச்.பி.யிலிருந்து தொடங்கினால் கணக்குத் தலைகீழாகிவிடும். நிலத்திலிருந்து தொடங்க வேண்டும்.

தண்ணீர் சேரும் பரப்பு 20 ஹெக்டேர், சுமார் 50 ஏக்கர் என்று வையுங்கள். எல்லாம் வீடும் ரோடும். விழும் மழையில் 80 சதவீதம் ஓடிவரும். மணிக்கு 50 மில்லிமீட்டர் வேகத்தில் ஒரு மணி நேரம் பெய்தால் சேர்வது 8,000 கன மீட்டர், அதாவது 80 லட்சம் லிட்டர். 12,000 லிட்டர் தண்ணி லாரியில் ஏற்றினால் 660 லோடைத் தாண்டும். இது வரவர வெளியேற்ற வேண்டுமென்றால் நொடிக்கு 2,200 லிட்டர் தள்ள வேண்டும். ஐந்து மீட்டர் உயரம் தூக்க, தேய்மானமெல்லாம் சேர்த்து, ஏறக்குறைய 200 ஹெச்.பி. ஒரு மோட்டார் பழுதானால் மாற்று வேண்டும் என்பதால் அதற்கு மேலும் ஒன்று.

இப்போது அந்தப் பகுதியிலேயே 50 சென்ட் நிலத்தில், அதாவது ஒன்பது கிரவுண்டில், இரண்டு மீட்டர் ஆழத்துக்கு ஒரு குளம் இருக்கிறது என்று வையுங்கள். அது 4,000 கன மீட்டர் பிடிக்கும். அந்த ஒரு மணி நேர மழையின் பாதி அதில் அடங்கிவிடுகிறது. மோட்டாரும் பாதியாகக் குறைந்து 100 ஹெச்.பி. போதும். குளத்துக்கு டீசல் வேண்டாம், ஆபரேட்டர் வேண்டாம். கரண்ட் போனாலும் அது தண்ணீர் பிடிக்கும். நம் முன்னோர் ஏரியும் தாங்கலும் வெட்டி வைத்தது இதற்கும் சேர்த்துத்தான். மாம்பலத்துப் பெரிய ஏரியை மூடி 1920-களில் தியாகராய நகர் எழுந்தது. இன்றும் கனமழையில் அந்தத் தெருக்களில் ஏரி திரும்பி வருகிறது. 2024-ல் கிண்டி ரேஸ் கோர்ஸ் நிலத்தை அரசு மீட்டதும் அங்கே குளங்கள் வெட்டியதைப் பார்த்தபோது எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. உங்கள் பகுதியில் பம்ப் ஸ்டேஷன் கேட்கும் அதே மனுவில், பக்கத்திலிருக்கும் புறம்போக்கு நிலத்தில் குளமும் கேளுங்கள்.

புயல் நேரத்தில் கரண்டே இருக்காதே. பம்ப் எப்படி ஓடும்?

பம்ப் ஸ்டேஷனின் உயிர் இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. தெருவில் தண்ணீர் ஏறினால் மின்சாரம் பாய்ந்து யாரும் சாகக் கூடாது என்று மின்வாரியம் இணைப்பைத் துண்டிக்கும். அது சரியான செயல். பம்ப் மிகவும் தேவைப்படும் அதே நேரத்தில் கரண்ட் போகும் என்பதை வைத்தே திட்டமிட வேண்டும். டீசல் ஜெனரேட்டர் கட்டாயம். ஜெனரேட்டரும் சுவிட்ச் போர்டும் 2015 வெள்ளம் எட்டிய மட்டத்துக்கு மேலே மேடையில் இருக்க வேண்டும். இரண்டு நாள் ஓடுவதற்கான டீசல் அங்கேயே இருக்க வேண்டும். வெள்ளத்தில் டீசல் லாரி வந்து சேராது.

பிறகு, ஆள். மோட்டார் ஆட்டோமேட்டிக்காக ஓடும் என்பார்கள். ஆனால் கம்பிச் சல்லடையில் தெர்மகோல், பழைய மெத்தை, இளநீர்க் கூடு வந்து அடைக்கும்போது அதை எடுத்துப் போட மனிதர் வேண்டும். மழை மூன்று மாதமும் ஷிப்ட் முறையில் பயிற்சி பெற்றவர்கள், அவர்களுக்கு உட்கார இடம், விளக்கு, உயிர்காப்புக் கவசம், சரியான சம்பளம். மதிப்பீட்டில் கான்கிரீட்டுக்கு எவ்வளவு என்று எல்லோரும் பார்க்கிறார்கள்; இந்த வரியை யாரும் தேடுவதில்லை.

பராமரிப்பு தளர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் சாட்சி. நகரமே பம்ப்பை நம்பி வாழ்கிறது. 2017 ஆகஸ்ட் 5 அன்று புயலே இல்லாமல் ஒரு கோடை மழையில் தெருக்கள் மூழ்கின. பல பம்ப்புகளும் அவற்றுக்கு மின்சாரம் தரும் டர்பைன்களும் வேலை செய்யவில்லை என்று பிறகுதான் வெளியே வந்தது.

எங்கள் தண்ணீரைக் கால்வாயில் தள்ளினால், கால்வாய்க் கரையில் இருப்பவர்கள் என்ன ஆவார்கள்?

இதைக் கேட்பவர்கள் குறைவு. கேட்டவருக்கு என் வணக்கம். பம்ப் தண்ணீரை அழிப்பதில்லை, இடம் மாற்றுகிறது. நிரம்பி வழியும் கால்வாயில் இன்னும் தள்ளினால் கரையோரக் குடிசைகளில்தான் ஏறும். கால்வாயில் குறிப்பிட்ட மட்டம் தாண்டினால் பம்ப்பை நிறுத்த வேண்டும் என்ற விதியும், அந்த மட்டத்தைக் காட்டும் அளவுகோலும் இல்லாமல் ஒரு பம்ப் ஸ்டேஷனுக்கும் அனுமதி தரக் கூடாது என்பது என் கருத்து.

கரையில் இருந்தவர்களை அப்புறப்படுத்தி எங்கே அனுப்பினோம்? பலரைப் பெரும்பாக்கத்துக்கு. அது பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தை ஒட்டிய தாழ்நிலம். அங்கும் வெள்ளம் வந்தது. 2023 டிசம்பரில் எண்ணூர் முகத்துவாரத்தில் வெள்ளத்தோடு எண்ணெயும் வந்து வலையிலும் படகிலும் ஒட்டியதை மீனவர்கள் மறக்கவில்லை. மேலே தெருவில் எதைக் கழுவி விடுகிறோமோ அது கீழே யாரோ ஒருவரின் பிழைப்பில்தான் போய்ச் சேர்கிறது.

வடிகாலில் சாக்கடை நாற்றம் வருகிறதே?

யாரோ கழிவுநீர்க் குழாயை அதில் சொருகியிருக்கிறார்கள். சென்னையில் மழைநீருக்கும் கழிவுநீருக்கும் தனித்தனிப் பாதை. முதலாவது மாநகராட்சி, இரண்டாவது குடிநீர் வாரியம். கள்ள இணைப்பால் வடிகால் வருடம் முழுக்க நிரம்பியே இருக்கும், கொசுவும் பெருகும்.

இதைவிடக் கொடியது ஒன்று. கழிவு தேங்கிய மூடிய வடிகாலில் நச்சு வாயு சேரும். மூடியைத் திறந்து உள்ளே இறங்குபவர் ஒரு மூச்சில் மயங்கி விழலாம். மனிதரைப் பாதுகாப்பின்றிச் சாக்கடைக்குள் இறக்குவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்திருக்கிறது. "மழைநீர் வடிகால்தானே" என்று யாராவது ஆளை இறக்கினால் அங்கேயே நின்று தடுங்கள். இயந்திரம் வரட்டும்.

ஈ.சி.ஆர். பக்கம் மணல் பூமி. அங்கேயும் கான்கிரீட் வடிகால் வேண்டுமா?

கொட்டிவாக்கம் முதல் உத்தண்டி வரை குடியிருப்பவர்கள் இதே கேள்வியோடுதான் கோவளம் வடிநிலத்தில் மழைநீர் வடிகால் கட்டும் திட்டத்தின் ஒரு பகுதியை எதிர்த்து தேசிய பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போனார்கள். அவர்கள் வாதம் நியாயமானது: மணல் மழையைக் குடிக்கிறது, அந்த நன்னீர்தான் கடல்நீர் உள்ளே வராமல் தள்ளி நிறுத்துகிறது. அதை வாரிக் கடலில் விட்டால் கிணறு உப்பாகும். வடக்கே மீஞ்சூர்ப் பக்கம் நிலத்தடிக்குள் கடல்நீர் ஏறியதை அரை நூற்றாண்டாகப் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறோம். மணல் மேட்டில் அடித்தளம் இல்லாத, ஊறவிடும் வடிகாலும் உறைகிணறுகளும். களிமண் பள்ளத்தில் கான்கிரீட். ஒரே வரைபடத்தை நகரம் முழுக்க ஒட்டக் கூடாது.

வேலை நடக்கும்போது நாங்கள் எதைக் கவனிக்க வேண்டும்?

முதலில் தடுப்பு. 2022 அக்டோபரில் ஜாபர்கான்பேட்டையில் தோண்டிப் போட்ட வடிகால் பள்ளத்தில் விழுந்து ஓர் இளம் பத்திரிகையாளர் இறந்துபோனார். பள்ளத்தைச் சுற்றித் தகரமும் இரவு விளக்கும் இல்லையென்றால் மாநகராட்சியின் புகார் எண் 1913-க்கு உடனே அழையுங்கள்.

அடுத்து, கம்பி. உப்புக் காற்று கம்பியைத் தின்னும். கடலோரச் சூழலுக்கு ஐ.எஸ். 456 என்ற இந்தியத் தர விதி குறைந்தது எம்30 என்ற வலிமைத் தரத்தில் கான்கிரீட்டும், கம்பிக்கு மேல் 45 மில்லிமீட்டர் மூடலும் கேட்கிறது. சென்ட்ரிங் பலகைக்கும் கம்பிக்கும் நடுவே இடைவெளி விடும் சின்னக் கட்டையான கவர் பிளாக் இருக்கிறதா என்று ஒரு ஸ்கேல் வைத்தே பார்த்துவிடலாம். கான்கிரீட் போட்ட பிறகு பார்க்க முடியாது.

பிறகு, வண்டல் தொட்டி. ரோட்டுத் தண்ணீர் வடிகாலுக்குள் போகும் முன் மண் படிய ஒரு சின்னத் தொட்டி. ரோட்டின் சரிவு அந்தத் துளையை நோக்கி இருக்க வேண்டும். பிரமாதமான வடிகால் கட்டி, துளை ரோட்டைவிட இரண்டு அங்குலம் மேலே இருந்ததால் தண்ணீர் வெளியே நின்றதை நானே பார்த்திருக்கிறேன். ஒரு வாளித் தண்ணீரை ரோட்டில் ஊற்றினால் தெரிந்துவிடும்.

ரோடு போட்டுப் போட்டு வீடு பள்ளமாகிவிட்டதே?

பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதிதாகப் போட வேண்டும். அரசின் உத்தரவே அதுதான். மில்லிங் இயந்திரம் வராமல் தார் லாரி மட்டும் வந்தால் வேலையை நிறுத்தச் சொல்லுங்கள்.

புகார் கொடுத்தால் "எங்கள் துறை இல்லை" என்கிறார்களே?

தெரு வடிகால் மாநகராட்சி, பெரிய சாலை சில இடங்களில் நெடுஞ்சாலைத் துறை, ஆறும் பக்கிங்ஹாம் கால்வாயும் நீர்வளத் துறை, தண்டவாளத்துக்குக் கீழே போகும் பாலம் ரயில்வே. ஒரே தண்ணீர் நான்கு எல்லைகளைத் தாண்ட வேண்டும். அடைப்பு பெரும்பாலும் இரண்டு எல்லைகள் சந்திக்கும் இடத்தில்தான். தனித்தனியாக மனு கொடுப்பதைவிட, தண்ணீர் போகும் வழியை நடந்தே பார்த்து, ஒரு தாளில் வரைந்து, அடைபட்ட இடத்தைக் குறித்து, அதே தாளை எல்லா அலுவலகங்களுக்கும் கொடுங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் வடிகாலின் தொடக்க மட்டம், முடிவு மட்டம், விழும் இடம் மூன்றையும் கேட்டு வாங்கலாம்.

வெளிநாட்டுக் கடன் வாங்கிக் கட்டுகிறார்களாமே?

ஆம். கொசஸ்தலையாறு வடிநிலத்துக்கு ஆசிய வளர்ச்சி வங்கி 2021-ல் 251 மில்லியன் டாலர் கடனுக்குக் கையெழுத்திட்டது. 588 கிலோமீட்டர் புது வடிகாலும் ஒரு புது பம்ப் ஸ்டேஷனும் அதில் உண்டு. கோவளம் பகுதிக்கு ஜெர்மனியின் கே.எஃப்.டபிள்யூ. வங்கி. கடன் கட்டுவதற்குத்தான் கிடைக்கும். தூர்வார, டீசல் ஊற்ற, தேய்ந்த பேரிங் மாற்ற ஒவ்வொரு வருடமும் நம் வரிப்பணத்தில் ஒதுக்க வேண்டும்.

எங்களைப் போன்ற சாதாரண ஆட்கள் உருப்படியாக என்ன செய்யலாம்?

அடுத்த மழையில் உங்கள் வீட்டு வெளிச்சுவரில் தண்ணீர் எட்டிய உயரத்தை ஆணியால் கீறி, பக்கத்தில் தேதியும் நேரமும் எழுதி வையுங்கள். எப்போது ஏறத் தொடங்கியது, எப்போது வடிந்தது என்று ஒரு நோட்டில் குறியுங்கள். தெருவுக்கு நான்கு வீட்டில் இப்படி இருந்தால், பொறியாளர் லெவல் கருவியோடு வரும்போது அவருக்கு அதைவிடப் பெரிய உதவி கிடையாது. வெள்ளை அடிக்கும்போது அந்தக் கோட்டை மட்டும் மறைத்துவிடாதீர்கள்.